பழைய காரின் பூட்டில் என்ஜிவி தோம்பு இருக்கிறதா?

ஒரு காலத்தில் என்ஜிவி என்றாலே டாக்சி ஓட்டுநர்களுக்கு நல்ல மிச்சம். பெட்ரோலைவிட அது மிகவும் மலிவு. ஆனால், எரிவாயுவை அடைக்கும் தோம்பின் ஆயுள் சுமார் 15 ஆண்டுகள்தான். அதன்பின் மாற்றியாக வேண்டும். அது பெரிய செலவு.

தோம்பில் அழுத்தம் ஏறத்தாழ 200 பார். கார் டயரில் இருப்பதைவிடச் சுமார் 90 மடங்கு. ஆயுள் முடிந்த தோம்பு வெடித்தால் உயிருக்கே ஆபத்து. செலவுக்குப் பயந்து சமையல் எரிவாயு தோம்பைப் பொருத்துவது அதைவிட மோசம்; அந்த அழுத்தத்தை அது தாங்காது.

பாதுகாப்பு கருதியே 2025 ஜூலை 1 முதல் மலேசியச் சாலைகளில் என்ஜிவி வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

பெட்ரோலிலும் ஓடக்கூடிய கார் என்றால், தோம்பைக் கழற்றிவிட்டுத் தொடர்ந்து ஓட்டலாம். தோம்பில் எரிவாயு எஞ்சியிருக்கலாம் என்பதால் வீட்டில் கைவைக்காமல், அனுபவமுள்ள பட்டறையில் கொடுங்கள். பிறகு ஜேபிஜே-யில் கிரானில் உள்ள எரிபொருள் விவரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்குவோர், பணம் கொடுக்குமுன் பூட்டைத் திறந்து பாருங்கள். கிரானையும் ஒருமுறை படியுங்கள்.