சந்தைக் கணக்கும் ஏட்டுக் கணக்கும்

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தில் உள்ள காந்தி காய்கறிச் சந்தை, தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றாகும். சுற்றியுள்ள சிற்றூர்களில் விளையும் தக்காளி, முருங்கை, கத்தரி முதலியன இங்கு வந்து குவிகின்றன. கேரளத்திற்கும் பிற மாவட்டங்களுக்கும் செல்கின்றன. இங்குக் கொள்முதல் செய்யும் சில்லறை வணிகர் ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு வினாவிற்கு விடை காண வேண்டும்: இன்று எவ்வளவு வாங்குவது? மிகுதியாக வாங்கினால் அழுகும். குறைவாக வாங்கினால் வாடிக்கையாளர் வெறுங்கையுடன் திரும்புவர்.

இவ்வினாவை மேலாண்மை ஆய்வாளர்கள் 'செய்தித்தாள் விற்பவர் சிக்கல்' என அழைக்கின்றனர். இன்றைய நாளிதழ் நாளை விலைபோகாது அன்றோ? 1888ஆம் ஆண்டில், வங்கியொன்று எவ்வளவு ரொக்கத்தைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என ஆராய்ந்த எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர் இச்சிந்தனைக்கு வித்திட்டார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கிலோ தக்காளியை 20 ரூபாய்க்கு வாங்கி 30 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். மிஞ்சியது 5 ரூபாய்க்கே போகும். சரக்கு ஒரு கிலோ குறைந்தால் இழக்கும் இலாபம் 10 ரூபாய். ஒரு கிலோ மிஞ்சினால் நட்டம் 15 ரூபாய். முதல் தொகையை இரண்டின் கூட்டுத்தொகையான 25ஆல் வகுத்தால் 0.4 கிடைக்கும். அதாவது, 100 நாள்களில் 40 நாள்களின் தேவைக்கு மட்டும் போதுமான அளவு வாங்குவதே ஆதாயம். எஞ்சிய 60 நாள்களில் தக்காளி தீர்ந்துபோவது தவறன்று!

மனித மனம் இதனை எளிதில் ஏற்பதில்லை. 2000ஆம் ஆண்டில் சுவைட்சர், கஷோன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்த்தியது. அவர்தம் சோதனையில் பங்கேற்றோர், இலாபம் குறைந்த பொருளை ஆதாயம் தரும் அளவிற்கு மேலும், இலாபம் மிகுந்த பொருளை அவ்வளவிற்குக் கீழும் வாங்கினர். சராசரியை நோக்கிச் சாயும் இப்பிழையை ஏட்டுக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது.

ஆயினும், 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பதும் நம் முன்னோர் மொழியே. பட்டறிவு மிக்க வணிகர் இக்கணக்கைக் கண்டதும், "திரும்பிச் சென்றவர் மறுபடியும் என் கடைக்கு வருவாரா?" எனக் கேட்பார். அவ்வாடிக்கையாளரை இழப்பதன் மதிப்பை மேலும் 20 ரூபாய் எனக் கொண்டால், குறைவினால் வரும் இழப்பு 30 ரூபாயாகிறது. 30ஐ 45ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.67. இப்போது 100 நாள்களில் 67 நாள்களுக்குப் போதுமான சரக்கு வேண்டும். சூத்திரம் மாறவில்லை; அதில் இட்ட எண் மாறியது. முகூர்த்த நாள், ஓணம், மழை ஆகியவற்றால் தேவை கூடுவதையும் குறைவதையும் முன்னுணர்பவரும் அவ்வணிகரே.

திருக்குறளின் 'தெரிந்துசெயல்வகை' அதிகாரம், ஒரு செயலால் அழிவது, ஆவது, பின்னர் விளையும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. நம் முதற்கணக்கில் விடுபட்டது அந்த மூன்றாவதே.

அப்படியாயின், வணிகர் அனைத்தையும் கணக்கிட்டா முடிவெடுக்கிறார்? இல்லை. மனிதரின் அறிவிற்கும் நேரத்திற்கும் எல்லை உண்டு. ஆதலால் அவர்கள் மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டிராமல், போதிய அளவு நல்லதைத் தேர்கின்றனர் என்று விளக்கினார் ஹெர்பர்ட் சைமன். முடிவெடுத்தல் குறித்த ஆய்வுக்காக 1978ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். ஏலக்குரல் ஒலிக்கும் சந்தையில் விரைந்து முடிவெடுப்பது அறியாமையன்று. அச்சூழலுக்கு ஏற்ற அறிவேயாகும்.

ஆய்வு, கணக்கிடும் முறையைத் தருகிறது. அனுபவம், கணக்கிட வேண்டியவற்றை அறிகிறது. இரண்டையும் இணைப்பது அரிய செயலன்று. அன்றாட விற்பனையையும், சரக்கு தீர்ந்த நேரத்தையும், மிஞ்சிய அளவையும் எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடு போதும். கடைக்காரர் குடும்பத்து மாணவர் எவரும் அதனை இன்றே தொடங்கலாம்.