வெள்ளி ஒன்றரை ரூபாயாக இருந்த காலம்

தமிழ்நாட்டுக்குப் பயணம் என்றாலே நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “இப்ப வெள்ளிக்கு எவ்வளவு?” என்பதுதான். இருபது ரூபாய்க்கு மேல் என்றால் முகம் மலர்ந்துவிடும். நம் காசுக்கு மதிப்பு ஏறிவிட்டது என்று ஒரு பெருமை. செனாவாங் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் தாத்தா காலத்தில் அதே வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்தான் கிடைத்தது. அப்படியானால் நம் வெள்ளி பதின்மூன்று மடங்கு பலம் பெற்றுவிட்டதா? பழைய கணக்கைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது.

அசையாத விகிதம்

1906-இல் மலாயாவில் புழங்கிய வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. இந்திய ரூபாய் அப்போது 1 ஷில்லிங் 4 பென்ஸ். அந்தக் கணக்கில் ஒரு வெள்ளி 1 ரூபாய் 12 அணா. 1927-இல் ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆக்கினார்கள். ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 9 அணா என்றானது. இரண்டு நாணயங்களும் பிரிட்டிஷ் பவுனோடு கட்டப்பட்டிருந்ததால், 1949-இல் பவுன் சரிந்தபோதும் இரண்டும் சேர்ந்தே இறங்கின. விகிதம் மாறவில்லை.

1920-களின் இறுதியில் தோட்டத் தொழிலாளர்களுக்கு விதித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதம் 26 நாள் பெரட்டுக்குப் போனால் ஆணுக்கு 13 வெள்ளி. அதில் வயிற்றைக் கட்டி ஐந்து வெள்ளியை ஊருக்கு அனுப்பினால், முசிறிப் பக்கத்தில் இருந்த குடும்பத்துக்கு 7 ரூபாய் 12 அணா கிடைக்கும். அடுத்த மாதமும் அதேதான். ரேட்டு என்ன என்று தாத்தா யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கூலியை வெட்டுவார்களா என்பதுதான் அவருடைய கவலை. 1930-களின் மந்தத்தில் வெட்டவும் செய்தார்கள்.

நடுவில் ஜப்பான்காரன் காலம் வந்தது. வாழைமர நோட்டுகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்தவர்களுக்கு 1945-இல் மிஞ்சியது வெறும் காகிதம்.

ஒரே நாளில் மாறிய கணக்கு

1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஓர் அமெரிக்க டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆனது. நம் வெள்ளிக்கு 2.45 ரூபாய். இங்கே ஒரு காசு கூலி ஏறவில்லை. ஆனால் அதே பத்து வெள்ளி பதினைந்தரை ரூபாயிலிருந்து இருபத்து நாலரை ரூபாய் ஆனது.

இதன் பாதிப்பு எங்கள் குடும்பத்திலேயே தெரிந்தது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் ஊழியர் சேமநிதியை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். என் சின்னத் தாத்தாவும் போனார். 2,000 வெள்ளி கொண்டுபோன ஒருவருக்கு 4,900 ரூபாய் கிடைத்திருக்கும். அன்றைக்கு அது பெரிய தொகை. அதே 4,900 ரூபாய் இன்றைய விலையில் 250 வெள்ளிகூடப் பெறாது. சின்னத் தாத்தா பெரும் பகுதியைக் கொடுத்து அரை ஏக்கர் வாங்கிப் போட்டார். அது இன்றும் அவர் பேரன்களுக்குச் சோறு போடுகிறது. பணமாக வைத்திருந்த மிச்சம் கரைந்துபோனது.

இங்கே தங்கியவர்களுக்கும் சோதனை வந்தது. 1967 ஜூன் 12-இல் பேங்க் நெகாரா புதிய நோட்டு வெளியிட்டது. நவம்பரில் பவுன் சரிந்தபோது புதிய வெள்ளி அசையவில்லை. பழைய வெள்ளிக்கு மட்டும் 85 காசுதான் என்றார்கள். பழைய நோட்டை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஏழைகள்தான் அடிபட்டார்கள். பினாங்கில் கடையடைப்பும் கலவரமும் நடந்தன.

ஏறியது யார், இறங்கியது யார்?

1991 ஜூலையில் ரூபாய் மறுபடி இறக்கப்பட்டபோது வெள்ளி ஒன்பது ரூபாயைத் தாண்டியது. 1997-இல் பதினான்கு. ஆசிய நாணய நெருக்கடியில், 1998 ஜனவரியில் ஓர் அமெரிக்க டாலர் 4.88 ரிங்கிட் ஆனபோது, எட்டு ரூபாய் அளவுக்கு விழுந்தது. செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று அரசு கட்டிய பிறகு பதினொன்றுக்கு ஏறியது.

இப்போது இரண்டையும் டாலர் தராசில் நிறுத்துவோம். 1966 ஜூனுக்கு முன் ஒரு டாலருக்கு 3.06 வெள்ளி, 4.76 ரூபாய். 2024 பிப்ரவரியில் 4.80 ரிங்கிட், 83 ரூபாய். நம் பணமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பிழந்திருக்கிறது. ரூபாய் பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. நாம் ஏறவில்லை; நம்மைவிட வேகமாக ரூபாய் இறங்கியது. அங்கே விலைவாசியும் சேர்ந்தே ஏறியதால், கூடுதலாகக் கிடைக்கும் ரூபாயில் பெரும் பங்கைக் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார்.

பிள்ளையை மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோருக்கும், அங்கே மனை வாங்க நினைக்கும் இளையோருக்கும் இது முக்கியம். ஐந்தாண்டுப் படிப்புக்கு இன்றைய ரேட்டை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது எட்டுக்கு விழுந்ததையும் பார்த்த நாணயம் இது. “ரூபாய்க்கு வட்டி அதிகம்” என்று யாராவது சொன்னால், ரூபாய் இறங்கும் வேகத்தையும் கழித்துப் பாருங்கள்.

பணம் அனுப்பும்போது “கட்டணம் இலவசம்” என்ற அட்டையில் மயங்க வேண்டாம். ரேட்டு 20 என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் வாங்காமல் 19.60 தரும் கடையில் 1,000 வெள்ளிக்கு 19,600 ரூபாய். 15 வெள்ளி கட்டணம் வாங்கி முழு 20 தரும் கடையில் 19,700. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “கடைசியில் அங்கே கையில் எவ்வளவு கிடைக்கும்?” பேங்க் நெகாரா உரிமம் உள்ள இடத்தில் கேளுங்கள்; ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

செனாவாங்கில் இன்று ரப்பர் மரங்கள் நின்ற பக்கமெல்லாம் தொழிற்சாலைகள். சம்பள நாளில் பணம் அனுப்ப வரிசையில் நிற்பவர்கள் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும். அவர்களும் ரேட்டைத்தான் விசாரிக்கிறார்கள். நம் பாட்டன்மாருக்கு மாறாத விகிதமாவது இருந்தது. இவர்களுக்கும் நமக்கும் அதுவும் இல்லை.