நோயுற்ற திசுவில் ஒப்பு மரபணுத் தேர்வு

தென்பெண்ணையாற்றங் கரையிலுள்ள திருக்கோவிலூர்ப் பகுதியில் கரும்பு ஒரு சிறப்பான பயிர். அதனைக் கெடுக்கும் செவ்வழுகல் நோய் கொலெட்டோட்ரிக்கம் என்னும் பூசணத்தால் வருவது. கடலூரில் உருவான கோ.சி. 671 என்னும் கரும்பினம் சர்க்கரைச் சத்தில் உயர்ந்ததாயினும் இந்நோய்க்கு எளிதில் ஆட்பட்டது.

நோய் தாக்கிய கரும்பில் தற்காப்பு மரபணு எவ்வளவு செயற்படுகின்றது என்று அறிய, அதன் ஆர்.என்.ஏ. அளவை மாறாத பிறிதொரு மரபணுவின் அளவோடு ஒப்பிடுவர். அப்பிறிதொன்றே ஒப்பு மரபணு. சிலர் இதனை 'நிலை மரபணு' என்பர். நிறுவவேண்டிய நிலைபேற்றைப் பெயரிலேயே ஏற்றிவிடும் அச்சொல் எமக்கு உடன்பாடன்று.

ஆக்டின், ஜி.ஏ.பி.டி.எச். முதலியன உயிரணுவின் அன்றாடப் பணிக்கு இன்றியமையாதன. ஆதலின் மாறாதன எனவும் நெடுநாள் கொள்ளப்பட்டன. இன்றியமையாமை வேறு, மாறாமை வேறு. பூசணம் புகுமிடத்தில் ஆக்டின் இழைகள் இடம் மாறி அமைகின்றன. சுவாசம் மிகுங்கால், சர்க்கரையைச் சிதைக்கும் நொதியை ஆக்கும் ஜி.ஏ.பி.டி.எச். அளவும் மாறக்கூடும். அன்றியும், அழுகிய தண்டினின்று எடுத்த ஆர்.என்.ஏ.யிற் பூசணத்தினுடையதும் கலந்திருக்கும். இரண்டிற்கும் பெரிதும் ஒத்த ரைபோசோம் மரபணுவை ஒப்பாகக் கொண்டால், கரும்போடு பூசணத்தையும் சேர்த்து அளந்தவராவோம்.

இதனால் விளையும் பிழை சிறிதன்று. தற்காப்பு மரபணு 3 மடங்கு உயர, ஒப்பு மரபணுவும் 2 மடங்கு உயர்ந்திருப்பின், கணக்கு 1.5 மடங்கே காட்டும். ஒப்பும் 3 மடங்கு உயரின், மாற்றமே இல்லையென முடியும். நோயை எதிர்க்கும் கரும்பினம் எதிர்ப்பற்றதாகத் தள்ளப்படவும் கூடும்.

2002-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து வாண்டசொம்பேல் குழுவினர் ஜீநார்ம் என்னும் முறையை வெளியிட்டனர். பல மரபணுக்களை இணையிணையாக ஒப்பிட்டு, தம்முள் விகிதம் மாறாதவற்றைத் தேர்ந்து, அவற்றின் பெருக்குச் சராசரியை அளவுகோலாகக் கொள்வது அம்முறை. ஈண்டுச் சுவடி பதிப்பித்துப் பழகியோர்க்கு ஓர் ஐயம் எழும். ஒரு மூலத்தைப் பார்த்தெழுதிய இரண்டு ஏடுகள் ஒரே பிழையில் ஒத்திருப்பின், அவை இரண்டு சான்றாகா. அங்ஙனமே, ஒரே கட்டுப்பாட்டின்கீழ் ஒருங்கே உயர்ந்து தாழும் இரு மரபணுக்கள், நோயில் மாறினும், தம்முள் விகிதம் மாறாமையின் நிலையானவை எனத் தேறிவிடும். ஆதலின் வெவ்வேறு பணிகளைச் சார்ந்தவற்றையே சோதனைக்கு எடுத்தல் வேண்டும். 2004-இல் வந்த நார்ம்ஃபைண்டர் என்னும் முறை, நலமுற்றன, நோயுற்றன என்னும் குழுக்களுக்குள்ளும் அவற்றிற்கு இடையேயும் நிகழும் மாற்றத்தைத் தனித்தனியே கணக்கிடும். நோய் ஆய்வுக்கு அதுவே பெரிதும் ஏற்றது என்பது எம் கருத்து. எனினும் இலையிற் தேறிய மரபணு தண்டிலும் தேறும் என்றோ, தொற்றிய முதல் நாளிற் தேறியது பத்தாம் நாளிலும் தேறும் என்றோ கொள்ளற்க. ஒவ்வொன்றிலும் மீண்டும் சோதித்தல் வேண்டும்.