கால் வோல்ட் குறைந்தால்

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற வீடியோ ஆட்டத்தை அந்தப் பெயரில் தெரிந்து வைத்திருப்பவர்கள் நம் நாட்டில் குறைவு. அதில் வரும் நான்கு வீரர்களில் ஒருவனான முஸ்தபாவின் பெயரே ஆட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. கடையில் காசு போட்டு 'முஸ்தபா' ஆடிய பிள்ளைகள் இன்று நாற்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அந்த ஆட்டப் பெட்டிகளில் பல விறகுக்கும் பழைய இரும்புக்கும் போய்விட்டன. தப்பிய சர்க்யூட் போர்டுகள் சில பரண்களில் கிடக்கின்றன. ஆசையாய் எடுத்து மின்சாரம் கொடுத்ததும் திரையில் கோடும் குப்பை எழுத்தும் வந்தால், "சிப் போயிடுச்சு" என்று முடிவுகட்டி ஓரம் வைத்துவிடுகிறார்கள். பல நேரம் சிப் நன்றாகவே இருக்கும். அதற்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரம்தான் வழியில் குறைந்திருக்கும்.

இந்தப் பழுதைப் பார்க்கத் தேவையான கபாசிட்டர், கனெக்டர், வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் என எதையும் தேடிப் போகலாம் என்று சொல்லத்தக்க இடம் கொல்கத்தாவின் சாந்தினி சௌக் சந்தை. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு எப்படியோ, கொல்கத்தாவுக்கு அது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் பிரின்செப் தெரு. அதை ஒட்டிய இமாம்பாக் சந்தில்தான் 1899 ஏப்ரல் 17 அன்று நகரின் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அது கொடுத்தது நேர்மின்சாரம். 1902இல் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்பூருக்கு மின்சார டிராம் ஓடியது. தலைக்கு மேலே கம்பியில் 550 வோல்ட், அதுவும் நேர்மின்சாரம். கம்பி நீள நீள மின்னழுத்தம் இறங்கும் என்பதால் டிராம் பாதையில் ஆங்காங்கே துணைமின் நிலையங்கள் தேவைப்பட்டன.

கேம் போர்டு ஓடுவதும் நேர்மின்சாரத்தில்தான். அங்கும் ஓம் விதிதான். 550இல் இருபது வோல்ட் குறைந்தால் டிராம் சற்று மெதுவாகப் போகும், அவ்வளவுதான். போர்டின் கதை வேறு. அந்தக் காலத்து டிடிஎல் வகைச் சிப்புகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் வரம்பு. கால் வோல்ட் இறங்கினால் சிப்புக்கு ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் மங்கத் தொடங்கும். ஆட்டம் பாதியில் உறையும், அல்லது திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். திரும்பத் தொடங்குவதற்குக் காரணம் போர்டிலேயே இருக்கும் காவல் சுற்று. புரொசஸர் ஒழுங்காக ஓடும் அறிகுறி உரிய நேரத்தில் வராவிட்டால் அது புரொசஸரை மறுபடி தொடக்கத்துக்குத் தள்ளிவிடும். பார்ப்பவருக்குப் போர்டு செத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது பசியில் இருக்கிறது.

எங்கே போகிறது அந்தக் கால் வோல்ட்? பெரும்பாலும் போர்டும் ஒயரும் சந்திக்கும் இடத்தில். 1985இல் ஜப்பானிய ஆட்ட இயந்திர உற்பத்தியாளர் சங்கம் 'ஜாமா' என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. போர்டின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 என 56 தொடுமுனைகள். எந்த நிறுவனத்தின் போர்டையும் ஒரே கனெக்டரில் செருகிவிடலாம். அவற்றில் நான்கு முனைகள் 5 வோல்ட்டுக்கு. மின்சாரம் திரும்பிப் போகும் கிரவுண்டுக்கு எட்டு.

ஒரு போர்டு 6 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு முனைகளும் நன்றாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை ஆம்பியர். இரண்டில் களிம்பேறிவிட்டால் மீதி இரண்டும் மும்மூன்று ஆம்பியர் சுமக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறுவதால் அந்த முனைகளில் சூடு நான்கு மடங்காகும். சூட்டில் கனெக்டரின் பிடி தளரும். தளர்ந்தால் மின்தடை கூடும். தடை கூடினால் இன்னும் சூடு. பழைய கனெக்டர்களில் சரியாக அந்த நான்கு முனைகளைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகியிருப்பது இதனால்தான். வழியில் மொத்தம் 0.05 ஓம் தடை சேர்ந்தாலே 6 ஆம்பியரில் 0.3 வோல்ட் காணாமல் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸில் 5.0 காட்டும், சிப்பில் 4.7.

ஆகவே மல்டிமீட்டரை வைக்க வேண்டிய இடம் எஸ்எம்பிஎஸ் அல்ல. போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, கனெக்டரிலிருந்து தள்ளியிருக்கும் ஏதாவது ஒரு சிப்பின் மின்கால்களில் அளக்க வேண்டும். அங்கே குறைந்திருந்தால், கறுப்பு முனையை எஸ்எம்பிஎஸ்ஸின் கிரவுண்டிலும் சிவப்பு முனையைப் போர்டின் கிரவுண்டிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 0.2 வந்தால் திரும்பும் வழியில் 0.2 வோல்ட் தொலைகிறது என்று பொருள். 5 வோல்ட் கொண்டுவரும் ஒயரை மட்டும் சந்தேகப்பட்டு கிரவுண்டை மறந்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் குறை. 5 வோல்ட் வழியையும் இதே முறையில் இரு முனைகளுக்கும் இடையே அளக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சின்னத் திருகு இருக்கும். திருப்பினால் வோல்ட் ஏறும். போர்டில் குறைகிறதென்று அதைத் திருப்பி 5.5க்கு ஏற்றிவிடுவது ஆபத்து. களிம்பேறிய முனை ஒரு நாள் அசைந்து நன்றாகப் பிடித்துக்கொண்டால் அந்த 5.5ம் முழுசாகச் சிப்பில் போய் விழும். முதலில் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ரப்பரும் போதும். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்துவிடும். பிறகு களிம்பு இன்னும் வேகமாக ஏறும். கங்கைச் சமவெளியின் மழைக்காலப் புழுக்கத்தில் இது முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொல்கத்தாவின் காற்றில் ஈரம் குறைவதே இல்லை; சென்னை, நாகப்பட்டினக்காரர்களுக்கு உப்புக்காற்றும் சேரும்.

ஜாமா கனெக்டரில் ஏழாம் இடத்தில் ஒரு சிறு தடுப்பு இருக்கும். அது விழுந்துவிட்டால் கனெக்டரைத் திருப்பிச் செருகிவிட முடியும். அப்போது கிரவுண்ட் கிரவுண்டிலேயே விழும், இரு ஓரங்களிலும் கிரவுண்ட் வைத்ததன் நன்மை அது. ஆனால் 12 வோல்ட் போய் விழுவது ஆட்டக்காரரின் இரண்டாம் பொத்தானுக்கான வழியில். 5 வோல்ட்டில் வாழும் சிப் அதைத் தாங்காது. அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டைத் தேடிப் பொருத்துங்கள்.

மற்ற மின்னழுத்தங்களின் அறிகுறிகள் எளிது. படம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் முதலில் 12 வோல்ட்டைப் பாருங்கள்; ஒலிபெருக்கிச் சுற்றுக்கு அதுதான் உணவு. மைனஸ் 5 வோல்ட் பல போர்டுகளுக்குத் தேவையே இல்லை. வில்லியம்ஸின் 'டிஃபெண்டர்' போல 4116 ரக நினைவகச் சிப் உள்ளவற்றில் மட்டும் கவனம் தேவை. அந்தச் சிப்புக்கு மைனஸ் 5 வராமல் பிளஸ் 5ம் 12ம் மட்டும் வந்தால் அது கெட்டே போகும். முஸ்தபா போர்டில் இன்னொரு விஷயம் உண்டு. அதன் ஒலிப் புரொசஸருக்கான மறைகுறியீட்டுச் சாவியைப் போர்டில் உள்ள பேட்டரிதான் காத்து வைத்திருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். ஒயரையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் எத்தனை முறை மாற்றினாலும் அது திரும்பாது.

இனி எஸ்எம்பிஎஸ். பல ஆண்டு ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கபாசிட்டர்கள் நிறையவே களைத்திருக்கும். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல ஆவியாகும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். உலர்ந்த கபாசிட்டரால் அலைவுகளை வடிகட்ட முடியாது. மீட்டர் சராசரியைக் காட்டுவதால் 5.0 என்றே வரும்; போர்டு மட்டும் தடுமாறும். ஆசிலோஸ்கோப் இருந்தால் நொடியில் தெரியும். இல்லாதவர் மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி 5 வோல்ட் வழியில் வைத்துப் பார்க்கலாம், 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் கபாசிட்டர்களை மாற்றும் வேளை வந்துவிட்டது.

பெட்டியின் இரும்பில் கை பட்டால் சுருக்கென்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கபாசிட்டர்கள் 230 வோல்ட்டின் பாதியளவைச் சட்டத்தில் நிற்க வைத்துவிடும். எர்த் ஒயர் போடாமல் வேறு எந்த வேலையும் தொடங்க வேண்டாம். பழைய பெட்டியில் இருப்பது படக்குழாய் மானிட்டர் என்பதும் நினைவிருக்கட்டும். அதன் குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் நெடுநேரம் தங்கும். பழகாதவர் பின்மூடியைக் கழற்றக் கூடாது.

எல்லாம் சரியாகி ஆட்டம் ஓடத் தொடங்கியதும் மூடிவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, போர்டு நன்றாகச் சூடேறிய பிறகு, அதே சிப்பின் அதே கால்களில் மறுபடியும் அளந்து பாருங்கள். முதலில் 5.0 காட்டியது இப்போது 4.85 என்றால் கனெக்டரை மாற்றியே ஆக வேண்டும்.