மாணாக்கர் தேவையும் கல்வி ஊக்கமும்

கல்வியில் நாட்டமில்லாத மாணாக்கனைச் சோம்பன் என்று இகழ்தல் எளிது. அவன் நாட்டம் இழந்த காரணத்தை ஆராய்தல் அரிது. நம் பள்ளிநாளில், முதற்பாட வேளையில் நாள்தோறும் உறங்கிவிழும் தோழன் ஒருவன் இருந்தான். ஆசிரியர் அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவார், நாமும் நகைப்போம். அவன் காலையில் உண்ணாது வருகிறான் என்பதை ஆண்டிறுதியிலேதான் அறிந்தோம். அந்நகைப்பை நினைந்து இன்று நாணுகின்றோம். அந்நாணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அமெரிக்க உளநூலறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ என்பார் 1943-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் மக்களின் அடிப்படைத் தேவைகளை ஐவகையாக வகுத்தார். உணவு முதலிய உடற்றேவை முதலாவது, அச்சமின்றி வாழ்தல் இரண்டாவது, அன்பும் உறவும் மூன்றாவது, மதிப்பு நான்காவது, தன் ஆற்றலை முற்ற மலரச் செய்தல் ஐந்தாவது. முன்னையது ஓரளவேனும் நிறைவுற்றாலன்றிப் பின்னையது மேலெழாது என்பது அவர் கொள்கை. எனினும், இவ்வரிசை எல்லார்க்கும் ஒருபடித்தன்று என்பதையும் அவரே உடன்பட்டார். வறுமையிலும் கற்றுயர்ந்தோர் உளர். அவரை எடுத்துக்காட்டிப் பசித்த பிள்ளையைப் பழித்தல் அறமாகாது.

இக்கொள்கை நூலில் எழுதப்பெறுமுன்னரே நம் நாட்டில் செயலில் தோன்றியதுண்டு. பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை நகரசபை 1920-இல் ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் பிள்ளைகட்குப் பகலுணவு அளிக்க முற்பட்டது. காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1956-இல், அம்முயற்சி மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளிற் காலையுணவும் தொடங்கப்பெற்றது.

எனின், வயிறு நிறைந்த மாத்திரத்தே கல்வி நிறைந்துவிடுமோ? நிறையாது. பிழையான விடை சொன்னால் வகுப்பே நகைக்கும் என்று அஞ்சுபவன் வாய்திறவான். ஆதலின் பிழையைத் திருத்துக, பிழைத்தவனைப் பழியாதொழிக. பின்வரிசையிலுள்ளானையும் பெயர்சொல்லி அழைத்தால், தானும் அவ்வகுப்பிற்கு உரியன் என்று அவன் உணர்வான். அவனால் இயன்ற வினாவை முதலில் வினவி, அரியதைப் பின்னர் வினவினால், தன் ஆற்றலில் அவனுக்கு நம்பிக்கை பிறக்கும்.

பரிசு கொடுத்து ஊக்கலாமே எனின், அதிலும் கருத்து வேண்டும். மார்க் லெப்பர் முதலிய அறிஞர் மூவர் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. படம் வரைவதில் இயல்பாகவே விருப்புற்ற சிறுவர் சிலர்க்குப் பரிசு தருவதாக முன்னரே சொல்லி வரையச் செய்தனர். சின்னாள் கழித்து அச்சிறுவர் தாமாகவே வரைவதிற் செலவிட்ட நேரம், பரிசின்றி வரைந்தோர் செலவிட்டதிற் பாதியளவேயாயிற்று. கூலிக்கு வரைந்தமையால் விருப்பம் குன்றியது போலும்! ஆகவே, இயல்பான ஆர்வம் உள்ளவிடத்துப் பரிசாசை காட்டாமையே நன்று.

மாணாக்கன் கொள்ளும் வகையறிந்து கற்பித்தலை நன்னூற் பாயிரமும் ஆசிரியர்க்கு விதித்துள்ளது. நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். அப்போது உறங்கும் மாணாக்கன் ஒருவனைக் காணின், பெஞ்சின்மேல் நிறுத்துமுன், “தம்பி, உண்டனையோ?” என்று வினவுவோமாக.