பெங்களூருவில் முதல் நாள்: தருமபுரிக்காரர்கள் எங்கே சாப்பிடலாம், எப்படிப் பேசலாம்?

தருமபுரியிலிருந்து பெங்களூரு சுமார் 140 கி.மீ. ஆனால் முதல் வேலைக்காக பையைத் தூக்கிக்கொண்டு இறங்குபவருக்கு அது வேறு நாடு மாதிரிதான். போர்டு படிக்க முடியாது, சாம்பார் இனிக்கும், கையில் இருக்கிற காசு முதல் சம்பளம் வரை தாங்கணும். முதல் நாளைச் சமாளிக்க என்ன வழி?

எங்கே இறங்குவது?

கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக வரும் பஸ் பொம்மசந்திராவில் நிற்குமா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 2025 முதல் அங்கிருந்து ஆர்.வி. ரோடு வரை நம்ம மெட்ரோவின் மஞ்சள் பாதை ஓடுகிறது. நீளம் சுமார் 19 கி.மீ., 16 நிலையங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி இந்தப் பாதையில்தான் வருகிறது. சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்ட வேண்டாம். ஆர்.வி. ரோட்டில் பச்சை பாதைக்கு மாறினால் லால்பாக், மெஜஸ்டிக் எல்லாம் போகலாம்.

கன்னடம் புரியுமா?

நினைப்பதைவிட அதிகமாகவே புரியும். தமிழில் 'ப'வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆகிவிடும். பால் - ஹாலு, பத்து - ஹத்து, புலி - ஹுலி, புளி - ஹுளி. புகை? 'ஹொகெ'. அதோடு கல்லைச் சேர்த்தால், நம்ம ஊர் ஒகேனக்கல்! அருவியின் நீர்த்திவலை புகைபோல எழுவதால் வந்த பெயர். தினமும் சொல்கிற ஊர்ப் பெயரிலேயே கன்னடம் இருக்கிறது.

இன்னும் நாலு சொல் போதும். 'பேக்கு' என்றால் வேணும், 'பேடா' என்றால் வேணாம் (இனிப்பு இல்லை!), 'சாக்கு' என்றால் போதும், 'எஷ்டு' என்றால் எவ்வளவு. யாராவது 'ஊட்டா ஆயித்தா?' என்றால், சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிறார்கள். தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை. முயற்சி செய்கிறவரிடம் பேச்சு சுமுகமாகவே போகும்.

காலையில் என்ன?

'தர்ஷினி' என்ற நின்றபடி சாப்பிடும் கடைகள் பெங்களூருவின் அடையாளம். முதலில் காசு கொடுத்து டோக்கன் வாங்கணும், பிறகு கவுன்டரில் தட்டை வாங்கணும். காரா பாத் என்பது காய்கறி, மசாலா போட்ட ரவை உப்புமா. கேசரி பாத் நம்ம கேசரி. இரண்டையும் ஒரே தட்டில் கேட்டால் 'சௌ சௌ பாத்'. ஒரு காபியை இருவர் பகிர 'பை டூ' என்றால் போதும்.

கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால், லால்பாக் பக்கம் 1924-ல் தொடங்கப்பட்ட மாவள்ளி டிபன் ரூம்ஸ் (எம்.டி.ஆர்.) இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவா இட்லியைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்கிறது இந்த உணவகம்.

மதியம் வீட்டு ஞாபகம் வந்தால்?

'ராகி முத்தே' கேளுங்கள். நம்ம களிதான் அது. நாட்டுக்கோழிச் சாறோடு வேணும் என்றால் 'மிலிட்டரி ஹோட்டல்' எனப்படும் அசைவக் கடைகளுக்குப் போகணும். மென்று தின்னாமல் குழம்பில் தொட்டு விழுங்கணும் என்று தருமபுரிக்காரருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2023-ல் தமிழ்நாடு அரசு ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் நீலகிரியும் தருமபுரியும்தான்.

பனிக்காலத்தில் போனால் 'ஹிதுகித பேளே சாறு' கிடைக்கும். 'ப-ஹ' விதியைப் போட்டுப் பாருங்கள்: பிதுக்குப் பருப்புக் குழம்பு! மாலையில் வி.வி. புரம் உணவுத் தெருவில் இதை வைத்தே தோசை முதல் பலகாரம் வரை செய்து தருகிறார்கள்.

கையில் காசு இல்லையா?

தமிழ்நாட்டின் அம்மா உணவகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 2017-ல் பெங்களூருவில் இந்திரா கேன்டீன்கள் தொடங்கப்பட்டன. அப்போது வைத்த விலை காலை உணவுக்கு 5 ரூபாய், மதியமும் இரவும் 10 ரூபாய். அறை வாடகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தங்கும் இடத்துக்கு அருகில் எது இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.