‘மனமகிழ் மன்றம்’ என்றால் பார் மட்டும்தானா? கிளப்புகளின் கதையும், ‘உயிருள்ள’ பீரும்

வெள்ளிக்கிழமை மாலை. பெருங்குடி ஆபீஸிலிருந்து வெளியே வந்த நாலு பேர், “எங்கேயாவது உட்கார்ந்து பேசலாம்டா” என்கிறார்கள். எங்கே போவது? காபி ஷாப், மால், ஓட்டல். இல்லையென்றால் டாஸ்மாக். வழியில் ‘மனமகிழ் மன்றம்’ என்று போர்டு தெரிந்தாலும், ‘அது பார்தானே!’ என்றுதான் பலருக்கும் தோன்றும்.

ஆனால், உழைப்பாளிகளுக்கான கிளப் என்ற யோசனை தொடங்கியதே குடிக்காமல் கூடுவதற்காகத்தான். அது எப்படி பீர் பக்கம் போனது?

பீர் இல்லாத கிளப்

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேலை முடிந்த தொழிலாளிக்குப் போக்கிடம் ‘பப்’ எனும் மதுக்கடைதான். இதை மாற்ற நினைத்த பாதிரியார் ஹென்றி சோலி, 1862-ல் ‘கிளப் அண்ட் இன்ஸ்டிட்யூட் யூனியன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். செய்தித்தாள், புத்தகம், சொற்பொழிவு, விளையாட்டு எல்லாம் உண்டு. மது மட்டும் கிடையாது.

உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளிலேயே பீர் உள்ளே வந்தது. ஆனால் பப்புக்கும் கிளப்புக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருந்தது. பப்பின் லாபம் முதலாளிக்கு. கிளப்பின் லாபம் கிளப்புக்கே, அதாவது உறுப்பினர்களுக்கே. அந்தப் பணத்தில்தான் சுரங்க கிராமங்களிலும் ஆலை ஊர்களிலும் பல கிளப்புகள் நடந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு பீர் தட்டுப்பாடு வந்தபோது, வடகிழக்கு இங்கிலாந்து கிளப்புகள் ஒன்றுசேர்ந்து 1919-ல் சொந்தமாக பீர் ஆலையே தொடங்கிவிட்டன.

‘ரியல் ஏல்’ என்றால் என்ன?

1960-களில் பெரிய கம்பெனிகள் பீரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, வெளியிலிருந்து கேஸ் ஏற்றி விற்கத் தொடங்கின. கெடாது, எங்கும் ஒரே ருசி. ‘இது பீரே இல்லை’ என்று 1971-ல் நாலு நண்பர்கள் தொடங்கிய இயக்கம்தான் ‘காம்ரா’. அவர்கள் பிரபலப்படுத்திய பெயர், ‘ரியல் ஏல்’.

அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீப்பாய்க்குள் இரண்டாவது முறை நொதிக்கும். கேஸும் தானாகவே உருவாகும். பீப்பாயைத் திறந்துவிட்டால் சுமார் மூன்று நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். தினமும் ஆட்கள் வந்துபோகும் இடத்தில்தான் இது கட்டுப்படியாகும்.

நமக்குத் தெரிந்த கதைதான்!

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. பனம்பாளையிலிருந்து கலயத்தில் சொட்டும் சாறு தானாகவே நொதித்துக் கள்ளாகிறது. அடுத்த நாளே புளித்துப்போகிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது, அது பதநீர்.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைகள் சட்டப்படி இயங்குகின்றன. ‘கள்ளில் கலப்படம் செய்வார்கள், கண்காணிக்க முடியாது’ என்பது தடையை ஆதரிப்போரின் வாதம். ‘பாட்டில் மதுவை அரசே விற்கும்போது பனையேறியின் பிழைப்பை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்?’ என்பது எதிர்வாதம்.

சரி, நம்ம ஊர் கிளப்புகள்?

1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் ஐரோப்பியர்களுக்கானது. நீண்ட காலம் இந்தியர்களைச் சேர்க்கவில்லை. இந்தியர்களும் சேரக்கூடிய காஸ்மோபாலிட்டன் கிளப் 1873-ல் வந்தது. மெட்ராஸ் கிளப் 1963-ல் அடையாறு கிளப்போடு இணைந்து, இன்று அடையாற்றங்கரையில் இருக்கிறது. கிளப் என்றாலே ‘யார் உள்ளே, யார் வெளியே’ என்ற கேள்வி இங்கே ஆரம்பத்திலிருந்தே உண்டு.

இன்றைய மனமகிழ் மன்றங்கள் மது வழங்க ‘எஃப்.எல்.2’ உரிமம் தேவை. தனி முதலாளி இல்லாத, உறுப்பினர்களே நடத்தும் மன்றத்துக்குத்தான் இது, மதுவும் உறுப்பினர்களுக்குத்தான். சட்டத்தின் எழுத்தில் பார்த்தால், இங்கிலாந்து தொழிலாளர் கிளப்பின் அதே தத்துவம்! ஆனால் வெளியாட்களுக்கும் விற்கிறார்கள், குடியிருப்புகள் நடுவே பார் நடத்துகிறார்கள் என்ற புகார்கள் அடிக்கடி எழுகின்றன.

எதைக் கேட்க வேண்டும்?

ஒரு மன்றம் உண்மையிலேயே மன்றம்தானா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். யார் உறுப்பினர்? லாபம் எங்கே போகிறது? மதுவை எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் என்ன இருக்கும்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கேரம் போர்டு, நாலு பத்திரிகை, பேச ஆள் என்று ஏதாவது மிஞ்சினால் அது மன்றம். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அது பார்தான்.

2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பெருங்குடியில் இன்று அபார்ட்மென்ட் கேட்டுக்கு உள்ளே ‘கிளப் ஹவுஸ்’ இருக்கிறது. கேட்டுக்கு வெளியே நிற்கும் அந்த நாலு பேருக்கு, பர்ஸைத் திறக்காமல் உட்கார்ந்து பேச எந்த இடம் இருக்கிறது?